கைப்பேசிக்கு வரும் வரலாற்றைச் சோதிப்பது எப்படி: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

2023ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் நாடார் பெண்கள் தோளில் மேற்சீலை அணியும் உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு நிறைவுக் கூட்டம் நடந்தபோது, தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களின் முதலமைச்சர்களும் ஒரே மேடையில் அமர்ந்திருந்தனர். அந்தக் கூட்டத்துக்கு முன்னும் பின்னுமாக என் கைப்பேசி ஓயவில்லை. கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், உறவினர்களும் பழைய மாணவர்களும் தமக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளை எனக்குத் தள்ளிவிட்டு, அடியில் “சாரே, இது உள்ளதுதானா?” என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். சில செய்திகள் முழுக்கச் சரியாக இருந்தன. சில முழுக்கப் பிழையாக இருந்தன. பெரும்பாலானவை பாதி சரியாக இருந்தன. அந்த மூன்றாம் வகைதான் தொல்லை தருவது, ஏனென்றால் சரியான பாதியைக் காட்டியே பிழையான பாதியை ஏற்கச் செய்துவிடும்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிச் சலித்த பிறகு, நான் எப்படிச் சோதிக்கிறேன் என்பதையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. இதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. கைப்பேசியும் அரை மணி நேரமும் பெரும்பாலும் போதும். சிலவற்றுக்கு மட்டும் திருவனந்தபுரம் வரை ஒரு பேருந்துப் பயணம் தேவைப்படும்.

நாளும் இடமும்

எந்தச் செய்தியானாலும் முதலில் அதில் ஆண்டு இருக்கிறதா, ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத செய்தியை அப்படியே ஒதுக்கி வைக்கலாம். ஆண்டு இருந்தால் அதைச் செய்தியின் மற்றப் பகுதிகளோடு பொருத்திப் பாருங்கள். “1823இல் எடுக்கப்பட்ட புகைப்படம்” என்ற குறிப்போடு மேலாடை இல்லாத பெண்களின் படம் ஒன்று ஆண்டுதோறும் சுற்றி வருகிறது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839ஆம் ஆண்டில்தான்; ஆகவே 1823, 1829 ஆகிய ஆண்டுகளின் நிகழ்ச்சி எதற்கும் புகைப்படம் இருக்க வழியில்லை. இதைச் சொல்ல நூலகம் செல்ல வேண்டியதில்லை, ஓர் ஆண்டை நினைவில் வைத்திருந்தால் போதும். அத்தகைய படங்களில் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அஞ்சலட்டை விற்பனைக்காக எடுக்கப்பட்டவை. படத்தைக் கூகுள் லென்ஸில் இட்டால் அது இதற்கு முன் எந்தெந்தப் பக்கங்களில், என்னென்ன குறிப்புகளோடு வந்திருக்கிறது என்பது தெரியும். முந்தைய தடயமே இல்லாமல் சென்ற வாரம் திடீரென முளைத்த படம் என்றால், அது செயற்கை நுண்ணறிவு வரைந்ததாக இருக்கக்கூடும். வரைந்தது குற்றமன்று, நம் பாடநூல்களிலும் ஓவியர் வரைந்த மன்னர்கள்தான் இருந்தார்கள். ஓவியத்தைப் புகைப்படம் என்று சொல்வதுதான் குற்றம்.

பழைய ஆவணங்களில் ஆண்டு கொல்லம் கணக்கில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில், இருக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘தொண்ணூற்றொன்பதாம் வருடத்து வெள்ளம்’ என்று சொல்வது கொல்லம் 1099ஆம் ஆண்டு ஆடி மாதத்து வெள்ளத்தை. அதாவது 1924ஆம் ஆண்டு ஜூலையை. அதைத் தெரியாமல் 1899 என்றும் 1999 என்றும் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு எளிது: திருவிதாங்கூர் முறையில் ஆண்டு ஆவணி முதல் தேதி பிறக்கிறது, ஆகவே ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை உள்ள நாளானால் கொல்லம் ஆண்டோடு 824ஐக் கூட்ட வேண்டும், அதற்குப் பிறகு ஆடி முடிய 825ஐக் கூட்ட வேண்டும். ஒடுக்கப்பட்டோருக்குக் கோயில்களைத் திறந்துவிட்ட திருவிதாங்கூரின் கோயில் நுழைவு ஆணையின் நாள் கொல்லம் 1112 ஐப்பசி 27. 824ஐக் கூட்டினால் 1936 வரும்.

இடத்தில் நேரும் பிழை இன்னும் பெரிது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் 1956ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அதற்கு முன் நாம் திருவிதாங்கூரைச் சேர்ந்தவர்கள், சென்னை மாகாணத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. மாகாணத்தில் 1920களில் வந்த வகுப்புவாரி அரசாணையால் நம் தாத்தாக்களுக்கு வேலை கிடைத்ததாக ஒருவர் எழுதினால், அந்த ஆணை ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வரவில்லை என்பதை நினைவூட்டுங்கள். இங்கே அரசு வேலையில் பங்கு கேட்டு ஈழவரும் கிறிஸ்தவரும் இசுலாமியரும் சேர்ந்து நடத்திய நிவர்த்தனக் கிளர்ச்சி 1930களில் நடந்த தனிக் கதை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று. திருவிதாங்கூரில் கோயில் நுழைவு ஆணை வந்தது அதற்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முன்பு. சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கான சத்தியாக்கிரகம் அதற்கும் பத்தாண்டு முன்பு, 1926இல் நடந்தது. சென்னையை மையமாக வைத்து எழுதப்பட்ட வரலாற்றை மேடையில் கேட்கும்போது, அதில் குமரியின் காலக்கணக்கு வேறாக ஓடுவதைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

இதே பிழை எதிர்த் திசையிலும் நடக்கிறது. முலைக்கரத்தை எதிர்த்து மார்பை அறுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் நங்கேலியின் கதை கேரளத்துச் சேர்த்தலைப் பகுதியின் வாய்மொழி மரபு. அதை ‘நம் குமரியில் நடந்த சம்பவம்’ என்று மாற்றி, தோள்சீலைப் போராட்டத்தின் தொடக்கமாகவே சிலர் எழுதிவிடுகிறார்கள். வாய்மொழி மரபு என்பதால் அது பொய் என்று நான் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் எதை மறக்க மறுத்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் அதற்குரிய பெயரை அதற்குக் கொடுக்க வேண்டும். பெண்கள்மீது விழுந்த தலைவரி அந்தப் பெயரால் அழைக்கப்பட்டது என்பது ஒன்று, மார்பை மறைப்பதற்காக வாங்கிய கட்டணம் என்பது வேறொன்று. வரலாற்றாய்வாளர் பலர் முதல் விளக்கத்தையே ஏற்கின்றனர்.

‘முதல்’ என்ற சொல்லைக் கண்டாலும் நின்றுவிடுங்கள். 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை வென்றது; அந்தப் போரில் பிடிபட்ட டச்சு அதிகாரி தெலனாய் பிறகு அதே மன்னருக்குப் படைத் தலைவனாகி உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டது வரை எல்லாம் சரி. ‘ஆசியாவில் ஐரோப்பியரை வென்ற முதல் போர்’ என்பது மட்டும் சரியன்று. அதே டச்சுக் கம்பெனியைச் சீனத் தளபதி கோக்சிங்கா 1662ஆம் ஆண்டிலேயே தைவானில் சரணடையச் செய்திருக்கிறார். இந்த ‘முதல்’ பட்டத்தை நானே பல ஆண்டுகள் வகுப்பில் கம்பீரமாகச் சொல்லி வந்தேன். பின் வரிசையில் இருந்து ஒரு மாணவர் தைவானைப் பற்றிக் கேட்ட அன்று எனக்குப் பதில் இல்லை. சொந்த ஊரின் பெருமை என்று வரும்போது நம் சோதனைக் கருவிகள் தானாகவே மழுங்கிவிடுகின்றன. ஆகவே கேட்க இனிக்கும் செய்தியை இருமுறை சோதியுங்கள்.

ஆணையின் கடைசி வரி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளலாம். ‘உரிமை வழங்கப்பட்டது’ என்று ஒரு செய்தி சொன்னால், வழங்கிய ஆணையின் வாசகத்தைத் தேடிப் பிடித்து, அதில் ‘ஆனால்’ என்ற சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள்.

தோள்சீலைப் போராட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கைப்பேசியில் அது மூன்று வரிக் கதை: பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது, அவர்கள் போராடினார்கள், 1859இல் உரிமை கிடைத்தது. ஆணைகளை வரிசையாக வைத்துப் படித்தால் கதை இப்படி நேர்க்கோட்டில் போகவில்லை. திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில், 1814ஆம் ஆண்டு வாக்கில், கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடார் பெண்கள் குப்பாயம் என்னும் சட்டையை அணியலாம் என்று அனுமதி வந்தது. மாறாதவர்களுக்கு அது இல்லை; மாறியவர்களும் உயர்சாதிப் பெண்களைப்போல மேற்சீலை போட்டுக்கொள்ளக் கூடாது. பெண்கள் குப்பாயத்தோடு மேற்சீலையும் அணிந்தார்கள். சந்தையிலும் வழியிலும் அது பறிக்கப்பட்டது. 1822, 1823 ஆண்டுகளில் கல்குளம் பகுதியில் மோதல் வெடித்தது; வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்குச் சென்று பெண்களுக்குச் சாதகமாக முடிந்தது. அத்தோடு முடியவில்லை. 1829ஆம் ஆண்டு பிப்ரவரி 3 அன்று ராணி கௌரி பார்வதி பாயின் பெயரில் வந்த பிரகடனம் மேற்சீலையைத் தடை செய்தது. அதே பிரகடனம் கூலியில்லாத கட்டாய ஊழிய வேலையிலிருந்தும் யாருக்கும் விலக்கில்லை என்றது. உடை பற்றிய ஆணையில் ஊழியம் ஏன் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். சீலைச் சண்டை சீலையைப் பற்றியது மட்டுமன்று, யாருடைய உழைப்பு யாருக்குச் சும்மா கிடைக்க வேண்டும் என்பதையும் பற்றியது என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். கைப்பேசிச் செய்தியில் இந்த வரி ஒருபோதும் வருவதில்லை.

பிறகு 1858ஆம் ஆண்டு நவம்பரில் விக்டோரியா அரசியின் பிரகடனம் வந்தது; அதைத் தம் விடுதலையாக மக்கள் எடுத்துக்கொண்டார்கள், டிசம்பரிலிருந்து மீண்டும் தாக்குதல்கள் நடந்தன. திவான் மாதவ ராவ் அதே மாதம் 27 அன்று, பழைய வழக்கத்தை யாரும் தாமாக மீற வேண்டாம் என்று அறிவித்தார். சென்னை ஆளுநர் டிரெவெலியனின் அழுத்தத்துக்குப் பிறகு, 1859ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று மன்னர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் பிரகடனம் வெளியாயிற்று. அதன் சாரம் இது: நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப்போலக் குப்பாயம் அணியலாம், எந்த மதத்தவராயினும் மீனவரான முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம், வேறு எந்த விதத்திலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல மட்டும் அணியக் கூடாது.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, எதற்காகப் போராட்டம் நடந்ததோ அதை மட்டும் கடைசி வரியில் பிடித்து வைத்துக்கொண்ட ஆணை அது. மறைத்துக்கொள்வது அனுமதிக்கப்பட்டது, சமமாகத் தெரிவது அனுமதிக்கப்படவில்லை. ‘1859இல் உரிமை கிடைத்தது’ என்று எழுதுபவர் பொய் சொல்லவில்லை. ஆணையைப் பாதியில் மடித்துவிட்டார், அவ்வளவுதான். கோயில் நுழைவுப் பிரகடனத்திலும் இதே அமைப்பைக் காணலாம். பிறப்பாலோ சமயத்தாலோ இந்து ஆன எவருக்கும் இனித் தடையில்லை என்று அது சொன்னது. ஆனால் அது மன்னரின், அரசின் கட்டுப்பாட்டில் உள்ள கோயில்களுக்கு. அதுவும் சூழலையும் சடங்குகளையும் காக்க விதிக்கப்படும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு. இதைச் சொல்வதால் 1936ஆம் ஆண்டின் பெருமை குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. யார் எந்த வாசலில் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதைத் தேடுவதற்கு அந்த நிபந்தனைதான் வழி காட்டுகிறது.

நீக்கங்களையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். ‘தோள்சீலை வரலாற்றைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்’ என்ற செய்தி இன்னும் அவ்வப்போது வருகிறது; எந்தப் பாடம், எந்த வகுப்பு, எந்த ஆண்டு என்பது அதில் இருப்பதில்லை. நடந்தது இது: என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பு நூலில் உடையின் சமூக வரலாறு பற்றிய அதிகாரத்தில் அந்தப் பகுதி இருந்தது. 2016ஆம் ஆண்டு இறுதியில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அதைத் தேர்வுக்கு உரியதன்று என அறிவித்தது. 2019இல் அந்த அதிகாரமே நூலிலிருந்து நீக்கப்பட்டது. கோபப்பட விரும்புபவர்கள் இந்த விவரத்தோடு கோபப்பட்டால், எதிரில் இருப்பவர் ‘எங்கே, காட்டு’ என்று தப்பிக்க முடியாது.

யார் எழுதினார், யாருக்கு எழுதினார்

நம் மாவட்டத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் பெரும் பகுதி இலண்டன் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்தவப் பாதிரியார்கள் எழுதியவை. ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தது முதல் அவர்கள் ஓயாமல் கடிதம் எழுதினார்கள், அறிக்கை அனுப்பினார்கள். மீட் நாகர்கோவிலில் அச்சகமும் நிறுவினார். அந்த எழுத்துகள் இல்லையென்றால் சந்தையில் சீலை பறிக்கப்பட்ட பெண்களைப் பற்றி நமக்குத் தெரிய வந்திருக்காது. அதே வேளையில் அவை இலண்டனில் பணம் கொடுப்பவர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது. மறுபுறத்தில் திவானின் கடிதங்கள், தாம் அமைதியைக் காப்பதாகச் சென்னை அரசை நம்பவைக்க எழுதப்பட்டவை. இரு தரப்பும் தமக்கு நட்டமான ஒன்றை எங்கே ஒப்புக்கொள்கிறதோ, அந்த இடமே அதிக நம்பிக்கைக்குரியது.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாம் குரலும் இங்கே உண்டு. அய்யாவழி சமயத்தின் நிறுவனரான சாமிதோப்பு வைகுண்டரை இன்று பல அரசியல் தரப்பினரும் தம்மவர் என்று உரிமை கொண்டாடுகிறார்கள். அச்சமயத்தின் புனித நூலான அகிலத்திரட்டைத் திறந்து பாருங்கள்: திருவிதாங்கூர் மன்னன் அதில் கலிநீசன், வெள்ளைக்காரன் வெண்ணீசன். இரு ஆட்சியையும் ஒரே மூச்சில் மறுக்கும் நூலை வைத்துக்கொண்டு, அவரை ஒரு தரப்பின் ஆளாகக் காட்ட வேண்டுமானால் பாதி ஏட்டைக் கிழிக்க வேண்டியிருக்கும். எந்தப் பாதியைக் கிழித்திருக்கிறார்கள் என்று பார்த்தால், செய்தியை எழுதியவர் யார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெயர்களையும் கவனியுங்கள். ‘கலகம்’ என்று எழுதுபவர் ஆட்சியாளரின் கோப்பிலிருந்து எடுக்கிறார். ‘போராட்டம்’ என்று எழுதுபவர் வேறிடத்திலிருந்து பார்க்கிறார். பழைய கோப்புகளில் தேடும்போது அக்காலச் சாதிப் பெயர்களை, அக்கால எழுத்துக் கூட்டலோடு, இட்டால்தான் கிடைக்கும். இரணியல் ‘எரனீல்’ என்று இருக்கும். ஆனால் தேடப் பயன்படுத்திய இழிசொல்லை உங்கள் சொந்த வாக்கியத்தில் கொண்டுவராதீர்கள். மேற்கோளுக்குள் இருந்தால் அது சான்று, வெளியே வந்துவிட்டால் வசவு.

மூலத்தை எங்கே தேடுவது என்று பலரும் கேட்கிறார்கள். அச்சான பழைய நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் படங்களாக இருக்கின்றன. பதிப்புரிமை முடிந்தவை ஆதலால் இலவசமாகவே படிக்கலாம். 1956க்கு முந்தைய அரசு ஆவணங்களுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். சென்னை எழும்பூர்க் காப்பகத்தில் கிடைப்பது மாகாண அரசு தன் பக்கத்திலிருந்து எழுதியது. மூன்றாவதாக நம் ஊர் வீடுகள். தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளை வெளிக்கொணர்ந்திராவிட்டால் நாஞ்சில்நாட்டின் வரியும் நிலமும் அடிமை விற்பனையும் பற்றிய பல செய்திகள் பரணிலேயே செல்லரித்துப் போயிருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் ஓலைக் கட்டு இருந்தால், மங்கிய எழுத்துத் தெளிய மஞ்சளும் கரியும் பூசிப் பார்க்க அவசரப்படாதீர்கள். முதலில் உள்ளபடியே படம் எடுத்து வையுங்கள்.

எந்திரத்திடம் கேட்கும்போது

இப்போதெல்லாம் இளையவர்கள் என்னிடம் கேட்பதற்கு முன்பே செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுவிடுகிறார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். 1829 பிரகடனத்தைப் பற்றிக் கேட்டதற்குத் தெளிவான நடையில், தயக்கமே இல்லாமல், நூற்பெயரும் பக்க எண்ணும் கொடுத்துப் பதில் வந்தது. அந்த நூலின் மின்படத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அங்கே ரப்பர்க் கன்றுகளுக்கு உரமிடுவதுபோல வேறேதோ ஒன்று இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. அதனால் அதைத் தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. தேடுவதற்குரிய சொற்களைக் கேளுங்கள், பழைய எழுத்துக் கூட்டல்களைக் கேளுங்கள், ஆங்கிலப் பத்தி ஒன்றின் பொருளைக் கேளுங்கள். நாளையும் எண்ணையும் மேற்கோளையும் மட்டும் அதனிடமிருந்து கடன் வாங்காதீர்கள். அது காட்டும் பக்கத்தை நீங்களே திறந்து பார்த்த பிறகுதான் அது சான்று.

இன்னொரு குறையும் உண்டு. இணையத்தில் எது அதிகம் எழுதப்பட்டிருக்கிறதோ அதையே அது அதிகம் சொல்லும். மன்னர்களைப் பற்றியும் பாதிரியார்களைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. உப்பளத்தில் ஊழியம் செய்தவர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. ஆகவே பதிலிலும் அவர்கள் குறைவு.

வதந்திக்கு இந்தக் கருவிகள் தேவைப்பட்டதில்லை என்பதையும் நம் மாவட்டத்தார் மறக்கக் கூடாது. 1982ஆம் ஆண்டு மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கி ஊர் ஊராகப் பரவிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்தின்போது யார் கையிலும் கைப்பேசி இல்லை. பின்னர் அமைக்கப்பட்ட நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரிக்க வேண்டி வந்தது பேச்சையும் துண்டறிக்கையையும் வாய்வழிச் செய்தியையும் சேர்த்துத்தான். அன்று ஒரு புரளி திங்கள்சந்தையிலிருந்து குளச்சலுக்கு நடந்து போக வேண்டியிருந்தது. இடையில் யாராவது ஒருவர் மறுக்க நேரம் இருந்தது. அந்த நேரம் இன்று இல்லை. ஆகவே சமயமோ சாதியோ தொட்ட செய்தி என்றால், சோதித்து முடிக்கும் வரை அனுப்பாமல் வைத்திருப்பதையே முதல் வேலையாகக் கொள்ளுங்கள்.

இன்று காலை வந்த அறிவிப்புக்கும் இதே அளவுகோல்

பழைய ஆணைகளில் பழகிய கண், புதிய அறிவிப்புகளையும் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கும். சாதிச் சான்றிதழ் எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளின் அட்டவணையில் வண்ணான் என்ற பதிவுக்குப் பக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் என்ற வரையறை நிற்கிறது. அதே சமூகத்தவர் இந்த இரு பகுதிகளுக்கும் வெளியே குடியிருந்தால் வேறு பட்டியலில் சேர்கிறார்கள். காரணம் அவர்களுடைய வாழ்க்கையில் இல்லை. 1956இல் இணைந்த எல்லைக்கோடு இன்னும் அட்டவணையில் உயிரோடு இருக்கிறது. ‘இட ஒதுக்கீட்டில் அவர்களுக்கு மட்டும் எப்படி’ என்று குழுவில் ஒருவர் பொருமினால், அந்தக் கோட்டைக் காட்டி விளக்கலாம்.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று, வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என ஒன்றிய அரசு அறிவித்தது. இந்திய அளவில் சாதிவாரியாக முழுமையாக எண்ணி வெளியிடப்பட்டது கடைசியாக 1931இல். இதைப் பற்றி வரும் ஆதரவுச் செய்தியானாலும் எதிர்ப்புச் செய்தியானாலும், எந்தப் பெயர்கள் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன, எவை பிரிக்கப்படுகின்றன, முடிவை எந்த அளவுக்கு வெளியிடுவார்கள் என்பவற்றைத் தேடுங்கள். எண்ணிக்கை என்பது யாரோ ஒருவர் ஒரு கட்டத்தை வரைந்த பிறகு வருவது.

அதற்கு நம் கடற்கரையே சாட்சி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் விசைப்படகுகள் பல அதற்கு முன்பே கரையை விட்டுப் போயிருந்தன. எச்சரிக்கை வெளியிடப்பட்டது உண்மை. கைப்பேசிக் கோபுரம் எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்கு அது எட்டவில்லை என்பதும் உண்மை. எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசின் கணக்கும், ஊர் ஊராகத் தேவாலயப் பங்குகள் பெயர் சொல்லித் தொகுத்த கணக்கும் ஒத்துப்போகவில்லை. வருங்கால ஆய்வாளர் ஒருவர் அரசின் அறிக்கையை மட்டும் படித்தால், 1829 பிரகடனத்தை மட்டும் படித்துத் தோள்சீலை வரலாறு எழுதியவரைப்போல ஆகிவிடுவார். ஆகவே ‘அனைவருக்கும்’ என்று தொடங்கும் எந்தத் தொழில்நுட்ப அறிவிப்பைப் படித்தாலும், அது எட்டாத தொலைவில் இருப்பவர் யார் என்று கேளுங்கள். முந்திரிக் கொட்டை உடைத்துத் தோட்டெண்ணெயில் விரல் தேய்ந்த பெண்ணின் ரேகையை ரேசன் கடை இயந்திரம் ஏற்காதபோது, 1859 ஆணையின் கடைசி வரி அந்தக் கடையில் வேறு உருவத்தில் நிற்கிறது.

பதில் எழுதும் முறை

சோதித்து முடித்ததும் குழுவில் எப்படிச் சொல்வது என்பதில் நான் பலமுறை சறுக்கியிருக்கிறேன். ஒருமுறை உறவினர் ஒருவரின் செய்தியைப் பொதுக்குழுவில் வரி வரியாகப் பிரித்துப் போட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அவர் மட்டும் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது முதலில் தனியாக எழுதுகிறேன். சரியாக உள்ளதை முதல் வரியில் ஒப்புக்கொள்கிறேன், திருத்த வேண்டியதை அடுத்த வரியில் சொல்கிறேன், பக்கத்தின் படத்தை இணைக்கிறேன். எடுத்துக்காட்டாக: “அண்ணே, 1859 பிரகடனம் பற்றி அனுப்பியது உள்ளதுதான். அதில் உயர்சாதிப் பெண்களைப்போல அணியக் கூடாது என்றும் ஒரு வரி இருக்கிறது, படம் வைத்திருக்கிறேன். அதையும் சேர்த்துப் போட்டால் நன்றாக இருக்கும்.” படம் இல்லாமல் பதில் எழுதுவதில்லை. பார்த்த நாள், நூல், பக்கம் மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அதே செய்தி அடுத்த தேர்தலுக்கு வேறொரு படத்தோடு திரும்பி வரும்.